அளவு நாடாவைத் தொடாத தையற்காரி: மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பிறகு வந்த மனச்சோர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண் "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வருவது யாழ்ப்பாணத்தில் அரிது. கைநோ, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை என்று உடம்பை முன்னே விட்டுத்தான் பேச்சுத் தொடங்கும். இங்கே வரும் பெண் தனி ஒருவரல்லர். இப்படியான பெண்களிடம் வழமையாகக் காணப்படும் நிலைமைகளை ஒருவராகச் சேர்த்து, கற்பித்தலுக்காக எழுதப்பட்டது இது. அவருடைய வயது, புள்ளிகள், திகதிகள் எல்லாம் அந்த வகையிலேயே அமைந்தவை. மருந்தும் சிகிச்சைப் படிகளும் நடைமுறையில் உள்ளவை.

வந்த விதம்

வயது 49. வலிகாமத்தில் ஒரு கிராமம். கணவர் வெங்காயத் தோட்டக்காரர். மகளுக்கு 24, மகனுக்கு 19. இருபது வருடமாக வீட்டு விறாந்தையில் தையல் மெசின் வைத்துச் சாறிச் சட்டை தைத்தவர்.

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது குளிக்கும்போது. நோவில்லாத கட்டி என்பதால் நான்கு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு இடது மார்பு முழுதாக அகற்றப்பட்டது. கமக்கட்டு நெறிகளும் எடுக்கப்பட்டன, 14 நெறியில் 2 இல் நோய் இருந்தது. கட்டி ஈஸ்திரோஜன் ஏற்பி உள்ள வகை, அதாவது அந்த ஹோர்மோனால் வளரக்கூடியது. கீமோ மருந்துகளான டொக்சோரூபிசின், சைக்ளோபொஸ்பமைட் 21 நாளுக்கு ஒருமுறையாக 4 தடவை, கிழமைக்கொரு பக்லிடாக்செல் 12 தடவை, பிறகு கதிர்ச் சிகிச்சை 15 நாள். தொடர்ந்து, நோய் திரும்பாமல் காக்க அந்த ஹோர்மோனைத் தடுக்கும் குளிசையான தமொக்சிபென் 20 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. கீமோவின் நடுவில் மாதவிடாய் நின்றது, திரும்பி வரவில்லை.

சிகிச்சை நடந்த எட்டு மாதமும் அவர் அழவில்லை என்று வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். குழப்பம் தொடங்கியது கதிர்ச் சிகிச்சை முடிந்து ஆறேழு கிழமைக்குப் பிறகு. இந்தக் காலக்கணக்கு வியப்பானதல்ல. சிகிச்சை நடக்கும்போது அடுத்த திகதி, அடுத்த ஊசி, அடுத்த இரத்தப் பரிசோதனை என்று நாட்கள் தாமாகவே ஓடும். மிஸிமார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பக்கத்துக் கட்டிலில் கதைக்க ஆள் இருக்கும். அது ஒரே நாளில் நின்று "மூன்று மாதத்தால வாங்கோ" என்று கொப்பியில் எழுதி அனுப்பியதும், அதுவரை ஒத்திவைத்த பயமெல்லாம் சேர்ந்து வரும். வீட்டாருக்கோ அன்றுதான் எல்லாம் முடிந்த நாள்.

அவர் மூன்று முறை வெளிநோயாளர் பிரிவுக்குப் போனார். ஈசிஜி சரி, நெஞ்சுப் படம் சரி. புற்றுநோய்க் கிளினிக்கில் ஸ்கானும் சரி. "ஸ்கானிலை ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டினம். அப்ப ஏன் எனக்கு இப்பிடி அந்தரமாக் கிடக்கு?" என்று கிளினிக் மிஸியிடம் கேட்டதுதான் திருப்பம். மிஸி அந்தக் கேள்வியைக் கடந்து போகவிடவில்லை.

முதல் சந்திப்பு

கூட வந்தவர் அக்கா. கேட்ட கேள்விக்கெல்லாம் அக்காதான் பதில் சொன்னார்: சாப்பிடுறா, படுக்கிறா, கோயிலுக்குப் போகச் சொன்னால் போறாவில்லை. எங்கள் ஊரில் இது அன்பின் வழமை. ஆனாலும் நோயாளியோடு தனியே இருக்க ஒரு வழி வேண்டும். மருந்துச் சீட்டை அக்காவிடம் கொடுத்து மருந்தகத்து வரிசைக்கு அனுப்பினால் இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் வந்ததுதான் கீழே உள்ளதில் பாதிக்கு மேல்.

இரவில் இரண்டு, மூன்று மணித்தியால நித்திரை. நடுச்சாமத்தில் வெக்கை ஏறி வியர்த்து எழும்புவார், அதன் பிறகு யோசனை. தழும்பையும் மற்ற மார்பையும் கழுத்தையும் நாளுக்குப் பன்னிரண்டு தடவை தடவிப் பார்ப்பார். கண்ணாடி பார்ப்பதில்லை, அலுமாரிக் கண்ணாடிக்கு மேல் சாறி தொங்கியது. குளிப்பது பொழுதுபட்ட பிறகு, வெளிச்சம் போடாமல். கணவர் விறாந்தையில் படுக்கிறார். மெசின் மூடிக் கிடக்கிறது, "கை ஏலாது" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புகிறார்.

கட்டிலுக்குக் கீழே ஒரு பை. இரண்டு நைற்றி, சவர்க்காரம், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சங்கிலி ஒன்று. வைத்தியசாலையில் திடீரென மறித்தால் என்று அடுக்கி வைத்தது என்றார். உறுதி எதற்கு என்று கேட்டபோது கனநேரம் பேசவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டு, மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அவருக்கு இருபது வயது. அன்று உறுதி எடுக்காமல் போனவர் தகப்பன். புற்றுநோய் திரும்பி வருவதையும் ஷெல் திரும்ப விழுவதையும் அவர் உடம்பு ஒரே மாதிரித்தான் எதிர்பார்த்திருந்தது. எங்கள் பகுதியில் ஐம்பதை நெருங்கும் பெண்ணின் புற்றுநோய்ப் பயத்தைக் கேட்கும்போது இடம்பெயர்வையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள், இரண்டுக்கும் தொடர்பிருப்பதாக அவர்களுக்கே படாது.

மதிப்பீடு

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்விகள் வாசித்துக் கேட்கப்பட்டன. 27 க்கு 17. பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 இல் 21 க்கு 15. இரண்டிலும் 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு மதிப்பீடு தேவை. புற்றுநோய் முடிந்தவரிடம் இந்தப் புள்ளியை அப்படியே நம்பக்கூடாது. களைப்பு, நித்திரை, பசி மூன்றும் சிகிச்சையாலேயே கெடலாம். ஆகவே பிடித்தவற்றில் நாட்டம் போனதா, தன்னைப் பாரமாக நினைக்கிறாரா, குற்ற உணர்வு உண்டா என்பவற்றுக்கு எடை கூட. அவருக்கு மூன்றும் இருந்தன.

பிஎச்கியூ-9 இன் ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றிய எண்ணம் உண்டா என்பது. அதற்கு "சில நாள்" என்றார். "காலமை எழும்பாமல் போனால் நல்லம் எண்டு நினைப்பன். நானாச் செய்யமாட்டன்." இந்த இடத்தில் கேள்வியை நிறுத்துவது பிழை. எப்படி என்று யோசித்ததுண்டா, எது அவரைப் பிடித்து நிறுத்துகிறது, வீட்டில் என்ன இருக்கிறது என்று நேராகக் கேட்கப்பட்டது. கேட்பதால் எண்ணம் வளராது. திட்டம் இருக்கவில்லை. ஆனால் தோட்ட வீட்டில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி இருந்தது, வீட்டில் மிச்சக் குளிசைகளும் இருந்தன. கணவர் கிருமிநாசினியைப் பூட்டுள்ள பெட்டிக்கு மாற்றித் திறப்பைத் தானே வைத்துக்கொள்வது, மிச்சக் குளிசைகளை மருந்தகத்தில் திருப்பிக் கொடுப்பது, இரவில் எண்ணம் கூடினால் முதலில் மகளை எழுப்புவது, அடுத்து தேசிய மனநல உதவி இலக்கம் 1926 என்று அன்றே எழுதிக் கொடுக்கப்பட்டது.

உடம்பைப் பார்க்காமல் மனதுக்கு மருந்து எழுதக்கூடாது. ஹீமோகுளோபின் 9.8 இருந்தது, இரும்புச்சத்துக் குறைவு, அதற்கு மருந்து. தைரொயிட் சரி, கல்சியம் சரி. புதிய தலையிடி, எலும்பு நோ, இளைப்பு எதுவும் இல்லை. கையைச் சுற்றளவு எடுத்தபோது, முழங்கைக்குக் கீழே 10 சென்ரிமீற்றரில் வலது கையைவிட இடது 1.2 சென்ரிமீற்றர் கூட. 2 சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால்தான் நிணநீர் வீக்கம் (நெறி எடுத்த பக்கத்துக் கையில் நீர் தேங்கி வரும் வீக்கம்) என்று கொள்வது வழமை. ஆனால் இடது கையை முன்னால் 110 பாகைக்கு மேல் தூக்க முடியவில்லை.

இரண்டு விடயம் கொப்பியில் இல்லாமல் இருந்தன. குளிசைகளை எண்ணிப் பார்த்தபோது, முடிந்திருக்க வேண்டிய மாதத்தில் தமொக்சிபென் 13 மிச்சம். வெக்கை தாங்காமல் ஒன்றைவிட்டொரு நாள் விட்டிருக்கிறார். சொன்னால் பேசுவார்கள் என்று மறைத்தார். மற்றது, மூன்று கிழமைக்கு முன் வேறொரு இடத்தில் நித்திரைக்கென்று கொடுத்த மனச்சோர்வு மருந்தான புளுவொக்சிற்றின். தமொக்சிபென் உடம்பில் வேலை செய்யக்கூடிய வடிவத்துக்கு மாறுவதற்கு ஈரலில் ஒரு நொதி வேண்டும். புளுவொக்சிற்றினும் அதே வகையான பரொக்சிற்றினும் அந்த நொதியைப் பலமாகத் தடுக்கும். மனச்சோர்வு மருந்தே புற்றுநோய்க் காப்பைக் குறைத்துவிடலாம். மார்புப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு மனநல மருந்து எழுதுமுன் "தமொக்சிபென் போடுறீங்களா" என்று கேட்பது கட்டாயம். நோயாளியும் தன் பக்கத்தில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் புற்றுநோய்க் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

எது நோயைத் தாங்கி நின்றது

முதல் இரண்டு சந்திப்பிலும் கைநோதான் தையலை நிறுத்தியது என்று நம்பப்பட்டது. மூன்றாவது சந்திப்பில், துணி வெட்டுவது ஏலுமா, பொத்தான் தைப்பது ஏலுமா, ஓரம் அடிப்பது ஏலுமா என்று வேலையைத் துண்டு துண்டாகக் கேட்டபோது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஏலும் என்றார். அளவெடுக்க மட்டும் ஏலாது. வேறு பெண்ணின் மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டு, எண் சொல்லி, கொப்பியில் எழுதுவது. கடைசியாக அளவெடுக்கப் போனது ஒரு கலியாணப் பிள்ளைக்கு. நாடாவைக் கீழே போட்டுவிட்டு "தலை சுத்துது" என்று உள்ளே போனவர் பிறகு மெசினைத் திறக்கவில்லை. கைநோ பொய்யல்ல. அந்த நோவுக்குள் துக்கம் புகுந்து நின்றது.

அதற்கு மேலே ஒரு மூடி: இரகசியம். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். தாய்க்குக் கான்சர் என்று தெரிந்தால் பரம்பரை என்று மாப்பிள்ளை வீடு விலகும் என்று குடும்பம் முடிவெடுத்து, அயலுக்கு "கர்ப்பப்பை ஒப்பரேசன்" என்று சொல்லிவிட்டது. தலைமயிர் கொட்டியதற்கு நெருப்புக் காய்ச்சல் காரணம். இந்தப் பொய்யைக் காக்க அவர் கலியாண வீடு, செத்த வீடு, கோயில் எல்லாவற்றையும் விட்டார். துக்கம் விசாரிக்க ஒருவரும் வரமுடியாத துக்கம் அது. எங்கள் ஊரில் வருத்தம் பார்க்க வருவதும் ஒரு மருந்துதான். அந்த மருந்தும் அவருக்குக் கிடைக்காமல் போனது.

சிகிச்சை

சந்திப்புகள் மனநலப் பிரிவில் வைக்கப்படவில்லை. "விசர் டொக்டரிட்டப் போறா" என்ற பேச்சுக்குப் பயம் இருந்தது. புற்றுநோய்க் கிளினிக் நாளிலேயே, அதே கட்டடத்தில் ஓர் அறையில், 45 நிமிடம். முதல் நான்கும் கிழமைக்கொன்று, பிறகு இரு கிழமைக்கொன்று, மொத்தம் பத்து.

மருந்தை மனநல வைத்திய நிபுணரும் புற்றுநோய் வைத்திய நிபுணரும் பேசி மாற்றினார்கள். புளுவொக்சிற்றின் நிறுத்தப்பட்டு, ஒரு கிழமை இடைவெளிக்குப் பிறகு வேறொரு மனச்சோர்வு மருந்தான வென்லபக்சின் 37.5 மில்லிகிராம், இரண்டு கிழமையில் 75. அது தமொக்சிபெனோடு மோதுவது மிகக் குறைவு, வெக்கையையும் தணிக்கும். ஒரே மருந்தில் இரண்டு பயன் என்பதால் அவருக்குத் தமொக்சிபெனைத் தொடரும் தைரியமும் வந்தது. முதல் பத்து நாள் குமட்டல் இருக்கும், சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் (வலது கையில்), சுகம் என்று தோன்றும் நாளில் சட்டென்று விட்டால் தலைச்சுற்றும் மின்னதிர்வு போன்ற உணர்வும் வரும் என்று முதலிலேயே சொல்லப்பட்டது. சொல்லாவிட்டால் நாலாம் நாளே குளிசை அலுமாரிக்குள் போய்விடும்.

நித்திரைக்கு: படுக்கை 11.30 க்கு, எழும்புவது 5.30 க்கு, பகலில் சாய்வதில்லை. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை, இராச்சாப்பாட்டில் உறைப்புக் குறைவு. தலைமாட்டில் ஈரத் துவாயும் மாற்றப் பருத்திச் சட்டையும். வெக்கை வந்து இருபது நிமிடத்தில் நித்திரை திரும்பாவிட்டால் எழும்பி வேறு இடத்தில் இருப்பது. முதல் கிழமை மோசமாகும், அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

தடவிப் பார்ப்பதை "செய்யாதீங்கோ" என்றால் கேட்காது. பன்னிரண்டு முறையை நாலாக்கி, பிறகு காலையில் ஒன்றாக்கி, கடைசியில் மாதத்துக்கு ஒன்றாக்க ஏழு கிழமை எடுத்தது. மாதவிடாய் இல்லாததால் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி என்று வைக்கப்பட்டது. எதைத் தேடுவது என்று தெரியாதவர்தான் எல்லாவற்றையும் தேடுவார். ஆகவே ஒரு தாளில்: தழும்பில் புதிய கடினமான முடிச்சு, தோல் நிறமாற்றம், மற்ற மார்பில் கட்டி, கமக்கட்டு அல்லது கழுத்து நெறி, கை வீக்கம். இரண்டு கிழமைக்கு மேல் குறையாத எலும்பு நோ, இருமல், தலையிடி. இவற்றில் ஒன்று இருந்தால் திகதி பார்க்காமல் கிளினிக்குக்கு வருவது.

கைக்குப் பயிற்சி இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்). சுவரில் விரல் நடத்தி, எட்டிய உயரத்தில் சோக்கட்டியால் கோடு. 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. "அந்தக் கையால ஒண்டும் தூக்கக்கூடாது" என்ற பழைய அறிவுரையால் தோள் இறுகிப்போன பெண்கள் பலர். படிப்படியாகக் கூட்டும் வேலை கையைக் கெடுக்காது. காயமும் சூடும்தான் பகை. தழும்புக்குத் தேங்காயெண்ணெய் தொட்டு, காலையும் மாலையும் 5 நிமிடம் வட்டமாக நீவுவது. அதுவே தழும்பைத் தொடும் முதல் படியுமாயிற்று.

கண்ணாடிப் பயிற்சியில் ஒரு பிழை நடந்தது. உடுப்போடு பார்ப்பது, மெல்லிய சட்டையோடு பார்ப்பது, தழும்பின் ஒரு ஓரம், முழுத் தழும்பு என்று நான்கு படி. இரண்டாம் படி சுகமாக முடிந்ததும் மூன்றையும் நான்கையும் ஒரே கிழமையில் கொடுத்ததால், பார்த்த அன்றே வாந்தி எடுத்து, அடுத்த சந்திப்புக்கு வரவில்லை. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, தவறு திட்டத்தில்தான், அவரில் இல்லை என்று சொல்லி, திரும்ப இரண்டாம் படியிலிருந்து தொடங்கியது. ஒரு படியில் பயம் பாதியாகக் குறைந்து, மூன்று நாள் அப்படியே நின்றால்தான் அடுத்தது.

செயற்கை மார்பு அவரே தைத்தார். இதில் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் வாங்கக் கிடைக்கும் சிலிக்கன் விலை பலருக்கு எட்டாது. வெள்ளைப் பருத்தித் துணியில் இரண்டு வட்டம், மேல் வட்டம் கொஞ்சம் பெரிது, ஓரத்தில் ஒரு மடிப்புத் தையல். உள்ளே தோய்க்கக்கூடிய செயற்கைப் பஞ்சு. பஞ்சு மட்டும் என்றால் பாரமில்லாமல் மேலே ஏறும், தோளும் ஒரு பக்கம் சாயும். எனவே அடியில் சின்னப் பையில் கண்ணாடி மணி. சமையலறைத் தராசில் 150 கிராமில் தொடங்கி, மற்றப் பக்கத்தோடு சமப்படும்வரை கூட்ட வேண்டும். பயறு, அரிசி போட்டால் வியர்வையில் பழுதாகி எறும்பு வரும். பாரமானதை அணிவது காயமும் கதிர்ச் சிகிச்சைத் தோலும் நன்றாக ஆறிய பிறகுதான். பிறாவின் உட்புறம் ஒரு பொக்கற் தைத்து அதில் வைத்தால் குனியும்போது விழாது. மூன்றாவதாகத் தைத்ததுதான் சரிவந்தது. முதல் இரண்டையும் அளந்து, பிரித்து, திரும்ப வெட்டியபோது நாடா அவர் கையில் இருந்தது. அதை அந்த நேரம் எவரும் சுட்டிக்காட்டவில்லை. அது நல்லது.

கணவரை அழைத்தது ஆறாவது சந்திப்பில். பிந்திவிட்டது, இரண்டாவதிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் விறாந்தையில் படுத்தது அருவருப்பால் என்று மனைவி பதினொரு மாதம் நம்பியிருந்தார். அவரோ, "நித்திரையிலை கை பட்டு நோகப்பண்ணிப்போடுவன் எண்டு பயம், டொக்டர்" என்றார். கீமோ உடம்பில் இருக்கும்போது தொட்டால் தனக்கும் வரும் என்று யாரோ சொன்னதையும் அவர் கேட்டுவைத்திருந்தார். புற்றுநோய் தொற்றாது என்பதை ஒரு வைத்தியர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. உறவின்போது வரும் வரட்சி நோவுக்கு நீர்சார்ந்த வழுக்குக் களி போதும் என்றும், ஹோர்மோன் பூச்சு எதையும் புற்றுநோய் வைத்தியரைக் கேளாமல் போடக்கூடாது என்றும், இருவரும் இருக்கும்போது ஒரு பெண் தாதி சொன்னார். அதைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு அதுவரை ஒருவராலும் தரப்படவில்லை.

இரகசியத்தைப் பற்றி முடிவெடுப்பது குடும்பத்தின் உரிமை. தகவல் கொடுப்பதுதான் கிளினிக்கின் வேலை. மார்புப் புற்றுநோயில் பரம்பரை மரபணுவால் நேரடியாக வருவது நூற்றுக்கு 5 முதல் 10. தாய்க்கு வந்தால் மகளுக்கு ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு, ஆனாலும் பெரும்பாலான மகள்மாருக்கு வராது. மகள் இப்போதிருந்தே மார்பின் இயல்பை அறிந்திருப்பது, 40 வயதளவில் மமோகிராம் (மார்பின் எக்ஸ்ரே படம்) பற்றி வைத்தியரோடு பேசுவது. இதைக் கேட்ட மகள்தான், "மறைச்சுச் செய்யிற கலியாணம் எனக்கு வேண்டாம், அம்மா" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வது அவர் பொறுப்பாயிற்று. அயலில் ஒரே ஒருவருக்கு, பழைய வாடிக்கையாளரான ஓர் ஆசிரியைக்கு, தாய் தானே சொன்னார். அந்த ஆசிரியை மறுநாள் முட்டைமாவோடு வந்து ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார்.

நேர்த்தியும் இருந்தது. சுகமானால் நல்லூர்த் திருவிழாவில் அடியழிப்பேன் என்று நேர்ந்து, செய்யாமல் விட்ட குற்ற உணர்வு. நம்பிக்கையோடு வாதாடுவதில் பயனில்லை. தோள் 110 பாகையில் நிற்கும்போது விழுந்து கும்பிட்டெழுவது நோவைக் கூட்டும். கற்பூரச் சட்டிக்கு மாற்றுகிறேன் என்றார், அந்தக் கைக்குச் சூடு ஆகாது. குருக்களிடம் கேட்டு, அந்த வருடம் வெளிவீதியைச் சுற்றி நடப்பதென்றும் கை தேறியபின் அடியழிப்பதென்றும் அவரே முடிவெடுத்தார்.

பை முழுதாகக் குலைக்கப்படவில்லை. கிழமைக்கு ஒரு பொருள் அதன் இடத்துக்குத் திரும்பியது. முதலில் சவர்க்காரம், கடைசியில் காணி உறுதி. கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் பையிலேயே இருக்கின்றன. அவை அங்கே இருப்பதில் நியாயம் உண்டு.

போக்கு

பிஎச்கியூ-9 ஆறாம் கிழமையில் 11, பன்னிரண்டாம் கிழமையில் 6. தமொக்சிபென் மாத முடிவில் மிச்சமில்லை. கை 150 பாகைக்கு உயர்ந்தது. மெசினில் முதலில் 15 நிமிடம், பிறகு 40. அளவெடுப்பதை முதலில் மகள் செய்தார், இவர் எண்ணை எழுதினார். ஐந்தாம் மாதம் நாடாவைத் தான் வாங்கினார்.

ஆறாம் மாதம் புள்ளி திரும்ப 12 ஆகியது. வலது மார்பு மமோகிராமுக்கு இரண்டு கிழமை இருந்தது. தடவிப் பார்ப்பது நாளுக்கு ஐந்தாயிற்று, சவர்க்காரம் பைக்குள் திரும்பியது. இது நோய் மீண்டதல்ல, பரிசோதனைத் திகதி நெருங்கும்போது வரும் ஏற்றம். ஒவ்வொரு வருடமும் வரக்கூடும். இதற்கு முன்கூட்டித் திட்டம் இல்லாதது எங்கள் குறை. படம் எடுத்து முடிவு சொல்ல ஒன்பது நாள் ஆனது, அந்த ஒன்பது நாளும் அவர் நித்திரை கொள்ளவில்லை. முடிவு சரி என்று வந்து மூன்று கிழமையில் புள்ளி 6 க்கு இறங்கியது.

வென்லபக்சின், சுகப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு மெல்லக் குறைப்பதாக உள்ளது. வெக்கை இருந்தால் அதற்காகவே நீட்டலாம். அடுத்த மமோகிராமுக்கு இரண்டு கிழமை முன்னதாக ஒரு சந்திப்பும், முடிவு வரும் நாளில் இன்னொன்றும் கொப்பியில் இப்போதே எழுதப்பட்டுள்ளன. இரண்டுக்கும் கணவர் கூட வருவார்.